கப்பல் நிறுத்தும் காசு

மார்க் மில்லர் வடிவமைத்து 1977இல் வெளிவந்த ‘டிராவலர்’, விண்வெளியில் நடக்கும் மேசைக் கதையாட்டம். அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, துறையில் கப்பலை நிறுத்துவதற்கு வாங்கும் கட்டணம்.

முதல் பதிப்பின் விதி எளிமையானது. ஆறு நாள்வரை நிற்க 100 கிரெடிட் (ஆட்டத்தின் நாணயம்). அதற்குமேல் நாளொன்றுக்கு 100. மாங்கூஸ் நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பதிப்பு, துறையின் தரத்தையும் கணக்கில் சேர்த்தது. உயர்தரமான ‘ஏ’ துறையில், பகடையில் விழும் எண்ணை 1,000ஆல் பெருக்க வேண்டும். ‘பி’ என்றால் 500, ‘சி’ 100, ‘டி’ வெறும் 10. ‘ஈ’ பெரும்பாலும் பொட்டல்வெளிதான். அங்கே காசு கேட்க ஆளில்லை. இவ்வளவு சின்ன அட்டவணை ஊர்களையே வரைந்து காட்டிவிடுகிறது! ‘ஏ’ துறையில் 6 விழுந்தால் 6,000. ஏன் இவ்வளவு? நெரிசலா, திருவிழாவா, கறாரான புது அதிகாரியா? காரணத்தை ஆட்டம் நடத்தும் நடுவர் அங்கேயே புனையலாம். அதிலிருந்தே அன்றைய கதை கிளம்பிவிடும்.

ஆட்டத்தில் கப்பல் வாங்கிய கடனை அடைக்கவோ 40 வருடம். அதன் மாதத் தவணைக்கு முன்னால் நிறுத்தக் கட்டணம் சில்லறைதான். ஆனாலும் இறங்குகிற ஊர்தோறும் கைநீட்டும் செலவு இது. எரிபொருள், சம்பளம் போக மிச்சம் எவ்வளவு என்று எல்லோரும் தாளில் குனியும் நேரம் எனக்கு விண்வெளிச் சண்டையைவிட விறுவிறுப்பானது.

ஆட்டம் நடத்துபவர்களே, “கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லித் தாண்டிவிடாதீர்கள். பகடையை ஆட்டக்காரர் கையில் கொடுத்து உருட்டச் சொல்லுங்கள்.