பிறப்பும் வளர்ப்பும்: இரு இந்தித் திரைப்படங்கள்

யஷ் சோப்ரா இயக்கிய ‘தர்மபுத்ர’ (1961) ஆசார்ய சதுர்சேன் சாஸ்திரியின் புதினத்தைத் தழுவியது. இசுலாமியத் தாய்க்குப் பிறந்து இந்துக் குடும்பத்தில் வளரும் திலீப் (சசி கபூர்), பிரிவினைக் காலத்தில் மதவெறியனாகிறான். சமய அடையாளம் குருதியால் அன்று, வளர்ப்பால் அமைவது என்பதை இவ்வளவில் படம் நிறுவிவிடுகிறது. ஆயினும் அவனைத் திருத்துதற்குப் பிறப்புண்மையையே கருவியாகக் கொள்கிறது. அவன் இந்துத் தாய்க்கே பிறந்திருப்பின் திருந்துதற்கு வழி யாது என்னும் வினாவிற்கு அங்கு விடையில்லை. கதைப்பின்னலின் அடிப்படைக் குறை இதுவே எனலாம்.

பாவனா தல்வாரின் ‘தர்ம்’ (2007) இவ்விடத்தில்தான் வேறுபடுகிறது. காசியின் வைதிகப் பண்டிதர் சதுர்வேதி (பங்கஜ் கபூர்), தம் இல்லத்தில் மகனென வளர்ந்த குழந்தை இசுலாமியருடையது என அறிந்து, தீட்டு நீங்கக் கடுநோன்பு இயற்றுகிறார். நோன்பு உடலைத் தூய்மையாக்கலாம். பிள்ளைப் பாசத்தை அகற்றவில்லை. இங்கு மாற்றம் நிகழ்வது பிள்ளையிடம் அன்று, வளர்த்தவரிடம். கலவரக் கும்பலிடமிருந்து அக்குழந்தையைக் காக்க வெளிவரும் அவர் சாத்திரத்தைத் துறக்கவில்லை. தர்மம் என்னும் சொல்லின் பொருளை அதனுள்ளிருந்தே மீட்கிறார். இது நோக்கத்தக்கது. எனினும், குழந்தையை ஏற்குமாறு முதலில் மன்றாடியவள் மனைவி பார்வதி. அவளது துயருக்குப் படம் ஒதுக்கும் இடம் மிகச் சிறிது.