பெய்ஜிங் முட்டையும் பார்வையாளரின் வாயும்

பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கத்துக்கு மேற்கே, மக்கள் மாமண்டபத்தின் முதுகுப்புறம் இருக்கிறது தேசிய நிகழ்கலை மையம். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘முட்டை’. செயற்கை ஏரியில் பாதி முங்கிக் கிடக்கும் முட்டை. கிழக்கு மேற்காக 212 மீட்டர், வடக்கு தெற்காக 144 மீட்டர். 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டைட்டானியத் தகடுகள், நடுவே திரை விலகினாற்போலக் கண்ணாடி. வெளியே நின்றால் வாசலே தெரியாது. பையைச் சோதனை போட்ட பிறகு தண்ணீருக்கு அடியிலுள்ள 80 மீட்டர் நடைவழியில் போகிறோம். தலைக்கு மேலே கண்ணாடி, அதற்கு மேலே ஏரி, அதில் அசைகிற வெளிச்சம். அழகுதான். அதை மறுத்துவிட்டு விமர்சனம் எழுத உட்காருவது நேர்மையில்லை. நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடந்தேன்.

இந்தக் கட்டடத்தைப் பற்றி நடந்த சண்டை பெரிசு. 1958-இல் சௌ என்லாய் காலத்திலேயே போட்ட திட்டம். பக்கத்து மாமண்டபம் 1959-இல் எழும்பிவிட்டது, அரங்கு காசில்லாமல் நின்றுபோனது. 90களின் இறுதியில் போட்டி வைத்து பிரெஞ்சுக்காரர் பால் ஆந்த்ரூவின் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். விமானநிலையங்கள் கட்டிப் பேரெடுத்தவர் அவர். 2000-இல் சீன அறிவியல், பொறியியல் அகாதமிகளின் உறுப்பினர்கள் 49 பேரும் நூற்றுக்கு மேற்பட்ட கட்டடக் கலைஞர்களும் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். செலவு கூடுதல், அரண்மனை நகரத்துக்கு ஒட்டாத வடிவம், பார்க்கச் சமாதி மாதிரி இருக்கிறது என்று பல குரல்கள். 2004-இல் பாரிஸ் விமானநிலையத்தில் ஆந்த்ரூ வடிவமைத்த முனையத்தின் கூரை இடிந்து நான்கு பேர் செத்தபோது சந்தேகம் இன்னும் வலுத்தது. ஆனாலும் 2007 டிசம்பரில் முறைப்படி திறந்துவிட்டார்கள்.

இத்தனை வாதத்திலும் ஓங்கி ஒலித்தது சீனமா அந்நியமா என்கிற கேள்விதான். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஓட்டைப் பற்றியே பேசினார்கள். உள்ளே உட்காரப் போகிறவர் யார், எப்படி உட்காருவார், அவருக்கு வாய் உண்டா என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது. வடிவத்தைப் பற்றிய சொல்லாடல் பார்வையாளரைக் காணாமலடித்த கதை இது.

கொஞ்சம் பின்னாலே போக வேண்டியிருக்கிறது. இன்று பெய்ஜிங் ஓபரா என்று சொல்லப்படுவதன் தொடக்கத்தை 1790-இல் சியன்லோங் பேரரசரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அன்ஹுய் பகுதிக் குழுக்கள் தலைநகர் வந்ததிலிருந்து சொல்வது வழக்கம். ஆனால் சிங் ஆட்சி, மஞ்சு குடிகள் வாழ்ந்த உள்நகரத்தில் நாடகக் கொட்டகைகளை அனுமதிக்கவில்லை. அவை சியன்மென் வாசலுக்குத் தெற்கே, மதிலுக்கு வெளியே வளர்ந்தன. ‘தேநீர்த் தோட்டம்’ என்றுதான் அவற்றுக்குப் பெயர். கொடுக்கிற காசு தேநீருக்கு. நீள மேசைகள் மேடையை நோக்கி இருக்காது, மேடைக்குச் செங்குத்தாகப் போட்டிருக்கும். எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் பேசிக்கொள்வார்கள், விதை கொறிப்பார்கள், சூடான துண்டுகள் தலைக்கு மேலே பறந்துவரும். நாடகம் ‘பார்க்க’ அல்ல, ‘கேட்க’ப் போனார்கள். நல்ல இடம் வந்தால் “ஹாவ்!” என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் நடிகருக்குக் கிடைக்கிற தீர்ப்பு. மேடையின் அதிகாரத்தில் ஒரு பங்கு பெஞ்சில் இருந்தது.

அதற்காகத் தேநீர்த் தோட்டத்தைப் பொற்காலமாக்க வேண்டாம். சிங் காலத்துப் பெய்ஜிங்கில் பெண்களுக்கு அங்கே இடமில்லை. பெண் வேடமிட்ட பையன்களின் உடல்கள் பணக்கார ரசிகர்களுக்குக் கிடைத்த கதையும் அதே மேசைகளைச் சுற்றித்தான் நடந்தது.

நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தலான விஷயம் ஒன்று உண்டு. பார்வையாளரை வரிசையில் உட்காரவைத்து மேடையைப் பார்த்துத் திருப்பியது அரசல்ல, சீர்திருத்தக்காரர்கள். 1908-இல் ஷாங்காயில் திறந்த ‘புதிய மேடை’ அரங்கு டிக்கெட், வரிசை இருக்கை, புதுவகை மேடை என்று ஒழுங்குபடுத்தியது. அதை நடத்திய நடிகர்கள் சாதாரண ஆட்களில்லை; 1911 புரட்சியில் ஷாங்காய் ஆயுதத் தொழிற்சாலையைத் தாக்கப் போனவர்கள். நாடகம் மக்களுக்குப் பாடம் சொல்ல வேண்டுமென்றால் மக்கள் முதலில் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது முற்போக்கின் தர்க்கம். முட்டைக்குள் நிலவும் அமைதிக்கு அந்தத் தர்க்கமும் ஒரு மூதாதை.

இப்போது உள்ளே. பொன்னிற ஓபரா அரங்கில் சுமார் 2,400 பேர், இசையரங்கில் 2,000, பட்டுச் சுவர் போர்த்திய நாடக அரங்கில் 1,000. மாமண்டபத்தைவிட உயரக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் பூமிக்குள் 32 மீட்டர் ஆழம் தோண்டியிருக்கிறார்கள். கலையின் உயரத்தை எது நிர்ணயிக்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டாம். விளக்கணைந்த பிறகு யாராவது கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தால், ஓரத்தில் நிற்கும் பணியாளர் லேசர் விளக்கால் அந்தத் திரைமேல் ஒரு சிவப்புப் புள்ளியைப் பாய்ச்சுகிறார். சீனாவின் பெரிய அரங்குகள் பலவற்றில் இது வழக்கம்; 2016-இல் அமெரிக்கப் பத்திரிகை வரைக்கும் செய்தி போனது. சத்தமில்லை, தொடுதலில்லை, அபராதமில்லை. புள்ளி விழுந்ததும் சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், கை தானாகத் தாழ்கிறது. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மேடைக்கு மட்டும்தான் வெளிச்சம் என்று இருட்டில் உட்காரவைத்துவிட்டு, பார்வையாளர்மேலும் ஒரு வெளிச்சம் தயாராக இருக்கிறது.

பக்கத்து இருக்கைக்காரர் நாடகம் பூராவும் படம் பிடித்தால் எனக்கும் எரிச்சல்தான் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மையம் வாரக் கடைசியில் குறைந்த விலையில் கச்சேரிகள் நடத்துகிறது என்பதும் உண்மை. இங்கே பெய்ஜிங் ஓபரா நடக்கும்போது “ஹாவ்!” இன்னும் எழுகிறது, நான் போன மாலையில் பின்வரிசைக் கிழவர்கள் விடவில்லை. சிவப்புப் புள்ளி கைபேசியை அடக்கும், தொண்டையை அடக்கத் தெரியாது. சிங் அரசு மதிலுக்கு வெளியே நிறுத்திய அந்தச் சத்தம் உள்நகரத்துக்கு வந்துசேர்ந்துவிட்டது, டிக்கெட் வாங்கிக்கொண்டு. பக்கத்துச் சதுக்கத்தில் 1989 ஜூனுக்குப் பிறகு ஜனங்கள் தாமாகக் கூடிக் குரல் எழுப்ப இடமில்லை.

2007 செப்டம்பரில் சோதனை ஓட்டமாக முதலில் ஆடிய படைப்பு ‘பெண்களின் செம்படைப் பிரிவு’. 1964-இல் உருவான பாலே. பண்ணையாரிடமிருந்து தப்பும் ஹைனான் தீவுப் பெண் துப்பாக்கி ஏந்துகிற கதை. பண்பாட்டுப் புரட்சியில் ‘மாதிரிப் படைப்பு’. 1972-இல் நிக்சனுக்குக் காட்டியதும் இதுதான். கலை யாருக்காக என்று 1942-இல் யேனானில் மாவோ எழுப்பிய கேள்வி இந்தப் பாலே வழியாக 40 வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, பட்டும் பொன்னும் பூசிய கூட்டுக்குள் பாரம்பரியமாக உட்கார்ந்துவிட்டது. பண்ணையடிமைப் பெண்ணின் கோபம் இப்போது அரங்கேற்றத் தேர்ச்சியாக ரசிக்கப்படுகிறது.

அந்தப் பெண்ணின் இன்றைய வடிவம் எங்கே? நகரத்தின் வடகிழக்கு விளிம்பில் விமானநிலையத்துக்குப் பக்கத்தில் பீசுன் என்ற ஊர். கிராமங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் வாடகைக்கு ஒண்டியிருக்கும் இடம். சுன் ஹெங்கும் நண்பர்களும் 2002-இல் தொடங்கிய தொழிலாளர் கலைக்குழு அங்கே ஒரு கொட்டகை போட்டது; 2008 மே தினத்தன்று ஓர் அருங்காட்சியகமும் திறந்தது. தற்காலிகக் குடியிருப்பு அட்டைகள், சம்பளச் சீட்டுகள், கடிதங்கள் அதில் காட்சிப் பொருட்கள். அங்கிருந்த இலக்கியக் குழுவில் எழுதப் பழகிய வீட்டுவேலைக்காரப் பெண் ஃபான் யூசுவின் தன்கதையை 2017-இல் பல லட்சம் பேர் படித்தார்கள். தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, போன பிறகு தொடர வேண்டும். விமானநிலையம் கட்டுகிறவர் வடித்த முட்டைக்குள் அந்த இரைச்சல் கேட்காது. 2023 மே மாதம் பீசுன் அருங்காட்சியகம் மூடப்பட்டது. நான் பெய்ஜிங் போனது அதற்குப் பிறகு. அதனால் முட்டையை மட்டும்தான் பார்க்க முடிந்தது.