குமிழிக்கும் குமிழிக்கும் நடுவே

சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு கடலடி மூச்சைப் பற்றிப் பேசினால் சிரிக்கத்தான் செய்கிறார்கள். மழை குறைந்த ஊர் என்பதுதானே பட்டாசுக்கே தோதாயிற்று. ஆனால் தூத்துக்குடி இங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். அங்கே சிலிண்டர் கட்டி முங்கியவர்கள் படகேறியதும் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "எவ்வளவு மிச்சம்?" ஒருவர் 70 பார் என்பார், இன்னொருவர் 100 என்று மார்தட்டுவார். எனக்கு அந்த அழுத்தமானி முள் காட்டும் எண்ணில் ஆசையில்லை. நான் பார்ப்பது குமிழியை. அதிலும், ஒரு குமிழிச் சரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விழுகிற இடைவெளியை.

அந்த இடைவெளியை எனக்குக் காட்டிக்கொடுத்தவர், ஒரு காலத்தில் சங்கு குளித்துவிட்டு இப்போது சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் ஒரு பெரியவர். அவர் மூச்சு விடுவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். சட்டென்று கொட்டிவிடாமல் நூல் பிடித்தாற்போல் மெல்லியதாக விடுவார். அது முடிகிற கட்டத்தில் உடம்பு ஒரு சாண் இறங்கும். பிறகு இழுப்பார், அவசரமே இருக்காது. உடம்பு தானாக ஏறும். எதிரே பாறை வந்தால் காற்றடைக்கும் மிதவை ஜாக்கெட்டின் பொத்தானைத் தொடமாட்டார். ஒரு இழுப்பைக் கொஞ்சம் நீட்டிப் பாறையைத் தாண்டி, விடும் மூச்சில் அந்தப் பக்கம் இறங்கிவிடுவார். கைகள் மார்போடு கட்டியபடியே இருக்கும். கேட்டால், "விடுறத ஒழுங்கா விடு தம்பி, இழுக்குறது தன்னால வரும்" என்பார்.

கணக்கும் அவர் பக்கம்தான். 20 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைப் போல மூன்று மடங்கு காற்றைத் தின்னும். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் நிரப்பி, 50-ஐக் கைவைக்காமல் ஒதுக்கினால் கையில் இருப்பது 1650 லிட்டர். தரையில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுக்கிற பதற்றக்காரருக்கு அது 22 நிமிடம். 10 லிட்டரில் அடங்குகிறவருக்கு 55. சில சிக்கனக்காரர்கள் மூச்சை இழுத்து அடைத்து, ஒன்றுவிட்டு ஒன்று விழுங்கி முள்ளை ஏமாற்றப் பார்க்கிறார்கள். மூச்சு வேண்டும் என்று உடம்பைத் துரத்துவது கரியமில வாயு. அதை உள்ளே தேக்கிவைத்தால் மிஞ்சுவது தலைவலிதான். பெரியவரின் இடைவெளி இப்படி அடைத்துவைத்தது அல்ல, அந்த உடம்புக்கு அவ்வளவுதான் தேவைப்படுகிறது.

சிலிண்டரே இழுக்கு, வெறும் மூச்சில் நிமிடங்களை எண்ணுவதுதான் கலை என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. மன்னார் வளைகுடா முத்துச் சலாபத்திலும் இந்த நிமிடப் பெருமை உலவியிருக்கிறது. 1797-இல் காரைக்கால் பையன் ஒருவன் ஏழு நிமிடம் அடியில் இருந்ததைப் பார்த்ததாக லெபெக் என்பவர் எழுதினார். முத்துச்சிப்பிப் படுகைகளைப் பல ஆண்டுகள் மேற்பார்வையிட்ட ஸ்டூவர்ட்டோ 87 வினாடிக்கு மேல் எவரும் நின்று தாம் கண்டதில்லை என்றார், வழக்கமாக ஐம்பத்தைந்தைத் தாண்டுவதே அரிதாம். என் ஓட்டு ஸ்டூவர்ட்டுக்கு. ஏழு நிமிடம் வித்தை. காலை முதல் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் திரும்பத் திரும்ப இறங்கி, மாலையில் நடந்து வீட்டுக்குப் போவது தொழில்.

கரிசல்காட்டுக் கிணறுகளிலும் இதே தகராறுதான். வாளி விழுந்தால் பாதாளக்கரண்டிக்கு ஆள் அனுப்பாமல் நாங்களே முங்குவோம். அதிக நேரம் உள்ளே கிடந்தவனுக்குப் பேர். எனக்கென்னவோ, மேலே வந்ததும் இளைக்காமல் பேச்சைத் தொடருகிறவனைத்தான் பிடிக்கும்.

பட்டாசு ஆலைத் தீயில் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு நுழைகிற தீயணைப்பு வீரரும் முதுகில் சுமப்பது இப்படியொரு சிலிண்டரைத்தான். அவரை இந்த ரசனையால் அளக்கக் கூடாது. சுமையும் சூடுமாக ஓடுகிறவர் வாரித்தான் இழுப்பார்.

இப்போது சங்குக்குப் போகிற பலர் படகில் கம்ப்ரசரை ஓடவிட்டுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். காற்று தீராது, ஆகவே மூச்சில் ஒழுங்கும் இல்லை, நேரத்தில் கணக்கும் இல்லை. மூட்டு வலியும் கைகால் முடக்கமும் பிறகு வருகின்றன. ஆனாலும் பிழைப்புக்கு இறங்குகிறவரிடம் என்ன நயம் எதிர்பார்ப்பது? என் கோபமெல்லாம் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் மேல். ஒரு கையில் கேமரா, அடிமணலைக் கிளப்புகிற கால்கள், ஒரு மூச்சுக்குள் இரண்டு தடவை முள்ளைப் பார்க்கிற கண்.

எல்லாவற்றுக்கும் மேல், இடுப்பில் தேவைக்கு மீறிய ஈயம். ஈயம் கூடினால் கால் தொங்கும். ஜாக்கெட்டில் காற்றை ஊத வேண்டும். ஊதிய உடம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நகர அதிகம் உதைக்க வேண்டும். உதைக்கிற ஒவ்வொரு உதையும் சிலிண்டரில் கழியும். பெரியவர் புதிதாக வருகிறவரின் பட்டையிலிருந்து முதலில் இரண்டு கிலோவைக் கழற்றிப் படகில் போடுவார். அதற்குச் சம்மதிக்கிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். முங்காமல் மிதந்துவிட்டால் கொடுத்த காசு வீணாம்.