எழுதுகோல் யார் கையில்?
கனடியத் தொலைக்காட்சி பற்றிச் சில சிந்தனைகள்

ஒவ்வோராண்டும் கோடை நெருங்குங் காலத்தில் கனடாவின் தொலைக்காட்சி நிறுவனங்கள் தத்தம் புதிய நிகழ்ச்சிகளின் பட்டியலை வெளியிடுகின்றன. எத்தனை தொடர்கள் புதியவை, எவை மீண்டும் வருகின்றன, எவை கைவிடப்பட்டன என்று பத்திரிகைகள் கணக்கெடுக்கின்றன. கலையை மக்கள் வாழ்வோடு சேர்த்து மதிப்பிடும் நாம் அப்பட்டியலிடம் வேறு வினாக்களையே கேட்கவேண்டும். அங்கே காட்டப்படுவது யாருடைய வாழ்வு? அதனை எழுதும் உரிமை யாரிடம் இருக்கிறது?

கனடாவின் ஒலிபரப்பு வரலாறு ஓர் அச்சத்திலிருந்து பிறந்ததாகும். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அமெரிக்க வானொலி அந்நாட்டு மக்களின் செவிகளை நிறைத்திருந்த வேளையில், ஒலிபரப்பு நம் அரசின் பொறுப்பாகாவிடின் அமெரிக்காவின் உடைமையாகும் என்று 1932இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வாதாடினார் கிரஹாம் ஸ்பிறை. 1936இல் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. 1952 செப்ரெம்பரில் மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் அதன் தொலைக்காட்சி தொடங்கிற்று. பின்னர், உள்நாட்டு நிகழ்ச்சிகளுக்குக் கட்டாய ஒதுக்கீடும் விதிக்கப்பட்டது. அண்டை வல்லரசின் பண்பாட்டு ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த இம்முயற்சி நியாயமானதே என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயின், உள்நாட்டு நிகழ்ச்சி என்பது யாது? நெடுங்காலம் இதனைத் தீர்மானித்து வந்தது ஒரு புள்ளித் திட்டம். இயக்குநர், எழுத்தாளர், நடிகர் முதலியோர் கனடியரா என்று பார்த்து, பத்துக்கு ஆறு புள்ளியேனும் வழங்கப்படல் வேண்டும். மார்கரெற் அற்வூட் என்ற கனடிய எழுத்தாளரின் நாவலைத் தழுவி, பெரும்பாலும் ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் படமாக்கப்பட்ட ‘த ஹான்ட்மெயிட்ஸ் ரேல்’ (2017–2025) அமெரிக்கத் தயாரிப்பு ஆனமையால் கனடிய நிகழ்ச்சியாகக் கொள்ளப்படவில்லை. குடியுரிமையை எண்ணத் தெரிந்த சட்டத்துக்கு வாழ்வனுபவத்தை அளக்கத் தெரியவில்லை.

இதன் விளைவை ‘கிம்ஸ் கன்வீனியன்ஸ்’ தொடரில் காணலாம். ரொறன்ரோவில் சிறு கடை நடத்தும் கொரியக் குடும்பமொன்றைப் பற்றி இன்ஸ் சோய் எழுதி, 2011இல் மேடையேறிய நாடகமே 2016 முதல் 2021 வரை தொலைக்காட்சியில் வந்தது. உழைத்து வாழும் குடிபெயர்ந்தோரைக் கேலிப்பொருளாக்காது கதைமாந்தராக்கிய அத்தொடரை மக்கள் விரும்பிப் பார்த்தனர். எனினும், தொடர் முடிந்தபின் அதில் நடித்த சிமு லியூவும் ஜீன் யூனும் 2021இல் வெளிப்படையாகவே குறைகூறினர். எழுதுவோர் குழுவில் ஆசியர் போதிய அளவில் இருக்கவில்லை என்பதும், தம் வாழ்விலிருந்து தாம் எடுத்துரைத்தவை ஏற்கப்படவில்லை என்பதும் அவர்களின் முறைப்பாடு. முகங்கள் திரையில் இடம்பெற்றுவிட்டன; எழுதுகோலோ பெரும்பாலும் வேறு கைகளில் இருந்தது.

இது நமக்கு அந்நியமான செய்தியன்று. ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’ நாவலைத் தீபா மேத்தா திரைப்படமாக்க, அது 2020 டிசெம்பரில் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றின் கதை அது. 1983இன் வன்செயல்களில் சிதறுண்ட வாழ்வு அது. அதன் முதன்மைப் பாத்திரங்கள் பலவற்றைத் தமிழரல்லாதோர் ஏற்றதையும், தமிழ் உரையாடல்கள் சிதைந்து ஒலித்ததையும் கண்டித்துக் கனடாவாழ் தமிழர் குரல் எழுப்பினர். மொழிக்காகவும் துன்புற்ற ஒரு மக்களின் கதையில் அவர்தம் மொழியே ஊனமுற்றதெனின், அதனை வெறும் தொழினுட்பக் குறையென்று தள்ளிவிட முடியுமா?

அமெரிக்காவுக்கு அஞ்சிய அதே அரசு தன் வடபுலத்து மக்களிடம் எவ்வாறு நடந்துகொண்டது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 1972இல் ஏவப்பட்ட அனிக் செய்மதியின் வழியாகத் தெற்கின் தொலைக்காட்சி இனுயிற் மக்களின் குடியிருப்புகளை எட்டியது. அவர்தம் இனுக்ரிற்றுற் மொழிக்கு அதில் இடமிருக்கவில்லை. இக்ளூலிக் என்னும் சிற்றூர் 1975இலும் 1979இலும் வாக்களித்து அதனை நிராகரித்தது. இனுயிற் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தோன்றிய பின்னரே, எண்பதுகளின் தொடக்கத்தில், அவ்வூர் தொலைக்காட்சியை ஏற்றது. அவ்வூர்ச் சிற்பியான சக்கறியாஸ் குனுக் 1981இல் தம் சிற்பங்களை விற்று ஒரு வீடியோக் கமரா வாங்கினார். முற்றிலும் தம் மொழியில் அவர் ஆக்கிய ‘அற்றனர்ஜுவற்’ 2001இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. நிராகரிக்கத் துணிந்த ஊரே படைக்கவும் துணிந்தது.

அந்த மரபின் அண்மைய பயன் ‘நோர்த் ஒஃப் நோர்த்’. 2025 ஜனவரியில் தொடங்கிய இத்தொடரை ஸ்ரேசி அக்லொக் மக்டொனால்ட், அலேத்தியா அர்னாக்கக்-பரில் என்னும் இரு இனுயிற் பெண்கள் உருவாக்கினர். இக்கலுயிற் நகரில் படமாக்கினர். கணவனை விட்டுத் தன் வாழ்வைத் தானே அமைக்க முனையும் இளந்தாயொருத்தியின் கதை. வடபுலம் என்றதும் வெளியார் பனியையும் துயரத்தையுமே எதிர்பார்ப்பர். இங்கோ அம்மக்கள் தம்மைத் தாமே பார்த்துச் சிரிக்கின்றனர். பேச்சில் ஆங்கிலமே மேலோங்கி நிற்பது குறைதான். நெற்பிளிக்ஸும் பங்காளியாயிருக்கும் ஆக்கத்தில் உலகச் சந்தையின் நெருக்குதல் இல்லாதிருக்குமா? ஆயினும், அச்சிரிப்பு இரவல் சிரிப்பன்று.

2023இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ், அந்நியத் தொடர்-ஒளிபரப்பு நிறுவனங்கள் தம் கனடிய வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து செலுத்தவேண்டுமென 2024இல் ஒழுங்காணையம் பணித்தது. அந்நிறுவனங்கள் நீதிமன்றத்தை நாடின. பெருமுதலாளிகளிடம் பணம் பெறுவது அவசியமே. ஆனால், பணம் எங்கிருந்து வருகிறது என்பதோடு நம் விசாரணை நின்றுவிடக்கூடாது. கடைக்காரரின் மகனும் அகதியின் மகளும் வேட்டைக்காரரின் பேரப்பிள்ளையும் எழுதுவோர் குழுவில் அமர்கின்றனரா, அவர்கள் சொல் அங்கே எடுபடுகிறதா என்பதையும் அடுத்த பட்டியல் வெளிவரும்போது நாம் கேட்போம்.