காணி நிலமும் தன்னிறைவும்: மார்சிலிங்கிலிருந்து ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

நகரத்தை விட்டு விலகி, மலிவான விலையில் சிறிது நிலம் வாங்கி, மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் எட்டாத இடத்தில் குடில் அமைத்து, தன் கையுழைப்பாலேயே உண்டு வாழ வேண்டும் என்னும் விருப்பம் இன்று பல நாடுகளிலும் நடுத்தர வகுப்பாரிடையே வேரூன்றியுள்ளது. தமிழ் வகுப்பறையில் இவ்விருப்பத்திற்கு மிக அணுக்கமாக நிற்கும் பாடல் பாரதியாரின் 'காணி நிலம்'. இப்பாடல் பெரும்பாலும் இயற்கை நாட்டத்தின் வெளிப்பாடாகவே விளக்கப்பெறுகிறது. அதில் வேண்டப்படும் நிலம் எவருடையது, அதில் உழைப்பவர் எவர், நீர் எங்கிருந்து வருகிறது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

சிங்கப்பூரின் வடகோடியில், ஜொகூர் நீரிணையை ஒட்டி அமைந்துள்ள மார்சிலிங் குடியிருப்பில் வாழும் மாணவர்க்கு இவ்வினாக்கள் புறத்தே நிற்பவை அல்ல. அவர்தம் பெற்றோர் வாழும் அடுக்குமாடி வீடு 99 ஆண்டுக் குத்தகைக்கு உட்பட்டது. சற்றுத் தொலைவில் ஜொகூர் கடற்பாலத்தின் ஓரமாக நீர்க்குழாய்கள் நீண்டு செல்கின்றன. தனியொருவர் நிலம் வாங்கித் தன்னிறைவாய் வாழ்தல் என்னும் கருத்தை இவ்விடத்திலிருந்து நோக்கும்போது, அக்கருத்தில் மறைந்து நிற்கும் சார்புகள் தெளிவாகப் புலப்படுகின்றன. அவற்றைச் சில வரலாற்றுச் சான்றுகளின் துணையுடன் திறனாய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'காணி' என்னும் சொல்

காணி என்பது ஒரு நில அளவு. வட்டாரத்திற்கேற்ப வேறுபடினும், வடதமிழகத்தில் அது ஏறத்தாழ 1.32 ஏக்கர். சதுர மீட்டரில் கணக்கிட்டால் 5,350 அளவில் வரும். 90 சதுர மீட்டர் கொண்ட நாலறை அடுக்குமாடி வீடுகள் ஏறத்தாழ 60 சேர்ந்த தளப்பரப்பு இது. மார்சிலிங் மாணவரிடம் இக்கணக்கைச் சொல்லிவிட்டுப் பாடலைத் தொடங்கினால், 'சிறு நிலம்' என்று நாம் கொள்வது அவருக்கு எவ்வளவு பெரிய வேண்டுதலாய்த் தோன்றும் என்பது எளிதில் விளங்கும்.

இச்சொல்லின் இரண்டாம் பொருள் இன்னும் முதன்மையானது. சோழர் காலக் கல்வெட்டுகளில் காணி என்பது வழிவழியாக வரும் நிலவுரிமையைக் குறிக்கிறது. கல்வெட்டறிஞர் நொபொரு கராஷிமா, காவிரிப் பகுதியில் அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். பிராமணரல்லாதார் ஊராகிய அல்லூரில் நிலம் கூட்டுடைமையாக இருந்ததையும், பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் தனியுடைமையாக இருந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். ஆகவே, ஒருவர் தமக்கெனத் தனியே வைத்துக்கொள்ளும் நிலம் என்பது தமிழ் மரபின் ஒரே வடிவமன்று.

தொண்டை மண்டலத்தில் காணியாட்சி என்றும், ஆங்கிலேயர் ஆட்சியில் மிராசு என்றும் வழங்கிய உரிமைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, தரிசாகக் கிடந்த நிலத்தைக்கூட ஒடுக்கப்பட்ட மக்கள் பெற முடியாதவாறு மிராசுதாரர்களின் முன்னுரிமை தடுத்ததைப் பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையே பின்னர்ப் பஞ்சமி நிலம் எனப்பட்டதற்கு அடிப்படை. விலை மலிந்த வெற்று நிலம் எங்கோ நமக்காகக் காத்திருக்கிறது என்னும் எண்ணத்தை இவ்வரலாறு ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. வெற்றாகத் தோன்றும் நிலத்தின் மீதும் எவரோ ஒருவரின் உரிமையோ, எவரோ ஒருவருக்கு மறுக்கப்பட்ட உரிமையோ இருந்தே தீரும்.

வால்டன் குடில்

தனிக்குடில் வாழ்வுக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவர் அமெரிக்க எழுத்தாளர் தோரோ. அவர் 1845 ஜூலை 4ஆம் நாள் வால்டன் ஏரிக்கரையில் குடியேறி, 1847 செப்டம்பரில் அங்கிருந்து வெளியேறினார். 1854இல் வெளிவந்த தம் நூலில், குடில் கட்ட ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று அணுவணுவாகக் கணக்குக் காட்டுகிறார். ஆனால் அக்கணக்கில் நிலத்தின் விலை இல்லை. ஏனெனில் நிலம் அவர் நண்பர் எமர்சனுக்கு உரியது. குடிலின் பலகைகளோ, அயர்லாந்திலிருந்து வந்த இருப்புப்பாதைத் தொழிலாளி ஒருவரின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்து எடுக்கப்பட்டவை. அக்குடும்பம் மறுநாள் விடியலிலேயே வீட்டைக் காலிசெய்து கிளம்பியதைத் தோரோவே பதிவு செய்கிறார். ஒருவர் எளிமையைத் தேடிக் குடில் அமைக்க, மற்றொரு குடும்பம் தன் குடிசையை விட்டு வெளியேறியது.

தோரோவை இகழ்தல் இங்கு நோக்கமன்று. தம் சார்புகளை மறைக்காமல் எழுதியதே அவர் நூலின் வலிமை. 1846-47 குளிர்காலத்தில் வால்டன் ஏரியில் பனிக்கட்டி அறுக்கப்பட்டதைக் கண்ட அவர், சென்னை, பம்பாய், கல்கத்தா மக்களும் தம் கிணற்று நீரையே பருகுகிறார்கள் என்னும் பொருள்பட எழுதினார். அது வெறுங்கற்பனையன்று. அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம். உலகிலிருந்து விலகி நின்றதாகக் கருதப்படும் ஏரிக்கரை, திருவல்லிக்கேணியோடு வாணிகத்தால் பிணைந்திருந்தது.

தால்ஸ்தாய் பண்ணையில் தமிழர்

தமிழர் பெருமளவில் பங்கேற்ற தன்னிறைவு முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது தென்னாப்பிரிக்காவின் தால்ஸ்தாய் பண்ணை. சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றோரின் குடும்பங்களைக் குறைந்த செலவில் காக்கும் பொருட்டு 1910இல் காந்தியடிகள் இதனை அமைத்தார். ஜொகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் நிலத்தை அவருடைய நண்பரும் கட்டடக் கலைஞருமான காலன்பாக் வாடகையின்றிப் பயன்படுத்தத் தந்தார். அங்கே ஏறத்தாழ ஆயிரம் பழமரங்களும், இரு கிணறுகளும், ஒரு சிறு ஊற்றும் இருந்தன. பணியாளர் எவரும் இல்லை. சமையல் முதல் துப்புரவு வரை எல்லாம் குடியிருந்தோர் கடமை. சொந்த வேலையாக நகரத்திற்குச் செல்வோர் நடந்தே செல்ல வேண்டும் என்பது விதி. தமிழாசிரியர்கள் மகிழத்தக்க செய்தியும் ஒன்றுண்டு: அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜி. யு. போப்பின் கையேட்டைத் துணைக்கொண்டு காந்தியடிகளே தமிழ் கற்பித்தார்.

இப்பண்ணை தன்னிறைவு பெற்றதா? நன்கொடைகளின் துணையின்றிப் போராட்டமும் பண்ணையும் நிலைத்திருக்க இயலாது. அதனினும் முதன்மையானது நிலவுரிமை. டிரான்ஸ்வாலின் 1885ஆம் ஆண்டு மூன்றாம் சட்டம், ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே ஆசியர் நிலம் உடைமையாகக் கொள்வதைத் தடுத்திருந்தது. எனவே அங்கு உழைத்த தமிழர், தாம் உழைத்த மண்ணைத் தம் பெயரில் வாங்கியிருக்க முடியாது. வெள்ளையரான காலன்பாக் வாங்க முடிந்தது. பண்ணை முடிவுக்கு வந்த 1913ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட நிலச்சட்டம், பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கர்க்கு நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காட்டையே ஒதுக்கியது. பண்ணையின் அறவாழ்வு உண்மையானது. அது நின்ற மண்ணோ நீதியற்ற சட்டத்தால் பங்கிடப்பட்டது. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்வதே வரலாற்றுக்கு நேர்மையாகும். காந்தியடிகள் இப்பண்ணையைத் தன்னந்தனி வாழ்வின் முன்மாதிரியாகக் காட்டவில்லை என்பதும் கருதத்தக்கது. ஒரு போராட்டத்தின் பொருட்டுப் பலர் கூடி வாழ்ந்த இடமாகவே அது இருந்தது. போராட்டத்தின் தேவை மாறியபோது கலைக்கப்பட்டது.

நீரிணைக்கு அப்பால்: கூட்டாக வாங்கிய நிலம்

மார்சிலிங்கிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தொலைவிலுள்ள மலேசியாவில், தமிழர் நிலம் வாங்கிய மற்றொரு வரலாறு உண்டு. 1950களில் ஆங்கிலேய நிறுவனங்கள் பல, தம் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறின. வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றபோது, பல்லாண்டுகளாகத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பாட்டாளிகள் வேலையையும் குடியிருப்பையும் ஒருங்கே இழந்தனர். இந்நெருக்கடிக்கு விடையாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பாட்டாளிகள் மாதம் 10 வெள்ளி செலுத்திப் பங்குதாரர் ஆயினர். அச்சிறு தொகைகள் திரண்டு, முழுத் தோட்டங்களே வாங்கப்பட்டன.

இவ்வரலாற்றைத் தன்னிறைவு பற்றிய உரையாடலில் எவரும் சேர்ப்பதில்லை. குடிலும் தனிமையும் அதில் இல்லாமையே காரணமாகலாம். எனினும், நிலம் வாங்குதல் எதன் பொருட்டு என்னும் வினாவுக்கு இது தெளிவான விடை தருகிறது. அப்பாட்டாளிகள் சமூகத்திலிருந்து விலகிச் செல்வதற்காக நிலம் வாங்கவில்லை. தம் கோயிலும் பள்ளியும் அண்டை வீடும் கலையாமல் ஒருங்கிருப்பதற்காகவே வாங்கினர். ரப்பரின் விலை உலகச் சந்தையில் உறுதிப்படுவது. ஆகவே அவர்கள் எப்பொருளிலும் தன்னிறைவு பெற்றவரல்லர். ஆயினும், நாளை எவரோ ஒருவர் தோட்டத்தை விற்றுவிடுவார் என்னும் அச்சத்திலிருந்து விடுபட்டனர். தன்னிறைவைக் காட்டிலும் இவ்விடுதலையே பெரிதெனத் தோன்றுகிறது.

மார்சிலிங்கும் நிலமும்

மார்சிலிங் என்னும் பெயரே ஒரு நிலவுடைமையின் நினைவு. ரப்பர், அன்னாசி வாணிகத்தில் புகழ்பெற்ற லிம் நீ சூன், தமக்குரிய தோட்டத்திற்குச் சீனாவிலிருந்த தம் மூதாதையர் ஊரின் பெயரை இட்டார் என்று கூறப்படுகிறது. அத்தகைய தோட்ட நிலங்கள் மீது பின்னாளில் குடியிருப்பு நகர்கள் எழுந்தன. 1966இல் இயற்றப்பட்ட நில எடுப்புச் சட்டம், பொது நோக்கிற்காகத் தனியார் நிலத்தைக் கட்டாயமாகப் பெற அரசுக்கு விரிந்த அதிகாரம் அளித்தது. வேளாண்மை செய்த கம்பத்து மக்கள் நிலத்தையும் தொழிலையும் இழந்தனர். அதே சட்டத்தின் பயனாக இலட்சக்கணக்கானோர்க்கு வீடு கிடைத்தது. இவ்விரு விளைவுகளில் ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைத்தல் ஆய்வு நெறியாகாது.

இன்று உழவு நிலம் இந்நாட்டில் குறிப்பிட்ட காலக் குத்தகைக்கே கிடைக்கிறது. பூங்காக்களில் வாடகைக்கு விடப்படும் தோட்டப் பாத்தி 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உடையது. அதன் தவணை மூன்றாண்டு. வெளியே வாங்கலாம் எனின், ஜொகூரில் அயல்நாட்டவர் நிலம் வாங்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். இந்தியாவின் அந்நியச் செலாவணி விதிகளோ, வெளிநாடுவாழ் இந்தியரும் கடல்கடந்த இந்தியக் குடியுரிமை அட்டை உடையோரும் வேளாண் நிலத்தையும் பண்ணை வீட்டையும் விலைக்கு வாங்குவதைத் தடுக்கின்றன. மரபுரிமையாகப் பெறுதல் மட்டுமே விலக்கு. ஆகவே, மார்சிலிங்கில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்திற்குக் காணி நிலம் என்பது பணத்தால் மட்டும் தீரும் சிக்கலன்று.

இந்நாடே தன்னிறைவை நாடும் ஒரு பெருங்குடில் எனலாம். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாள்தோறும் 25 கோடி காலன் வரை நீர் பெறும் உரிமை 2061இல் முடிகிறது. அதனை எண்ணியே 2003இல் புதுநீர் அறிமுகமாயிற்று. ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் உள்நாட்டிலேயே விளைவிப்பது என 2019இல் அறிவிக்கப்பட்ட இலக்கு 2025 நவம்பரில் மாற்றப்பட்டது. 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு என்பதே புதிய இலக்கு. செல்வமும் தொழில்நுட்பமும் நிறைந்த ஓர் அரசுக்கே தன்னிறைவு இத்துணை அரிதெனில், தனி மனிதர் ஒரு காணியில் அதனை எய்துவார் என்று எதிர்பார்த்தல் பொருந்துமா?

பாடலுக்குத் திரும்புதல்

இவ்வளவையும் ஒரு பாடலின் மீது சுமத்தலாமா என்னும் மறுப்பு எழலாம். கவிதை பட்டா ஆவணமன்று என்பது உண்மையே. புதுச்சேரியிலும் திருவல்லிக்கேணியிலும் வாடகை வீடுகளில் வாழ்ந்த கவிஞரின் வேண்டுதல் அது. இல்லாதவர் வேண்டுதலுக்கும் உள்ளவர் கனவுக்கும் வேறுபாடு உண்டு. எனினும், பாடலை உன்னித்துப் படித்தால் இரண்டு செய்திகள் தெரிகின்றன. முதலாவது, அதில் வேண்டப்படுவது குடிலன்று, தூண்களையுடைய மாளிகை. கிணறும் தென்னையும் நிலவொளியும் குயிலோசையும் உள்ளன. ஏரும் நெல்லும் உழவரும் இல்லை. உழைப்பு கண்ணில் படாத நிலம் அது. இது பாடலின் குறை என்றே கூற வேண்டும். இரண்டாவது, பாடல் அம்மாளிகைக்குள்ளேயே முடிந்துவிடவில்லை. தம் கவிதையாற்றல் உலகைப் பேண வேண்டும் என்னும் விண்ணப்பத்தோடு அது நிறைவுறுகிறது. நிலம் கேட்டவர் அதனை வேலியிட்டு அடைத்துக்கொள்ளக் கேட்கவில்லை. உலகுக்குப் பணிசெய்யும் களமாகவே கேட்டார். இயற்கை வருணனையோடு விளக்கத்தை நிறுத்திவிடும் வகுப்பறை, பாடலின் இவ்வுச்சத்தை மாணவர்க்குக் காட்டாமலே விட்டுவிடுகிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால், தன்னிறைவு என்பது எங்கும் பிறர் தந்த நிலத்தின் மீதோ, பிறரை விலக்கிய சட்டத்தின் மீதோ, பலர் சேர்த்த பணத்தின் மீதோ நிற்பது என்பது பெறப்படுகிறது. அச்சார்பை ஒப்புக்கொண்ட முயற்சிகள் மதிப்புடையவை. மறைத்தவை வெறும் நுகர்வு விருப்பமாகச் சுருங்கிவிடுகின்றன. இவ்வளவுகோலின்படி, வால்டன் குடிலைக் காட்டிலும் தால்ஸ்தாய் பண்ணையும், அதனைக் காட்டிலும் 10 வெள்ளிப் பங்குகளால் வாங்கப்பட்ட தோட்டங்களும் நமக்கு நெருக்கமான பாடங்களாகின்றன.

தமிழாசிரியர்கள் 'காணி நிலம்' கற்பிக்கும்போது, அல்லூரின் கூட்டுடைமையையும் சம்பந்தனின் கூட்டுறவையும் உடன்வைத்துக் கற்பித்தல் வேண்டும். சொந்த நிலம் இல்லாத தலைமுறைக்கு இப்பாடல் எட்டாத ஏக்கமாக நின்றுவிடக் கூடாது. நிலம் எவருடையது, உழைப்பு எவருடையது, நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கப் பழகிய மாணவர், கடற்பாலத்து நீர்க்குழாயையும் தம் வீட்டின் குத்தகைப் பத்திரத்தையும் இலக்கியப் பாடத்தின் பகுதியாகவே படிக்கத் தொடங்குவர்.