இளங்கவிஞரின் மடல்கள்

எதிர்காலத்தை எண்ணி அஞ்சும் இளைஞருக்கு எழுத்து மருந்தாகுமா என்ற வினா எழும்போதெல்லாம், ரில்கேயின் 'இளங்கவிஞனுக்குக் கடிதங்கள்' நூலை எடுத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. நாமும் கொடுத்திருக்கிறோம். ஆயினும் அந்நூலில் மருந்து எங்கே இருக்கிறதென்று சரியாகப் பார்த்தோமா என்னும் ஐயம் நமக்கு இப்போது உண்டு.

1902-ஆம் ஆண்டின் பின் இலையுதிர்காலம். ஆஸ்திரியாவின் வீனர் நொய்ஷ்டாட் இராணுவக் கழகத்தில், 19 வயது மாணவர் பிரான்ஸ் சேவர் காப்புஸ் மரத்தடியில் அமர்ந்து ரில்கேயின் கவிதைகளைப் படித்துக்கொண்டிருந்தார். தம் இயல்புக்கு ஒவ்வாத படைவாழ்வு அவரை எதிர்நோக்கியிருந்தது. அவ்வழியே வந்த ஆன்ம குரு ஹொராசெக், சங்க்ட் பொல்டன் இராணுவப் பள்ளியில் தாம் பணியாற்றியபோது அங்கே பயின்ற சிறுவன்தான் ரில்கே என்று நினைவுகூர்ந்தார். அதே பாதையில் நடந்து விலகிய ஒருவர் உண்டென்று அறிந்ததும், காப்புஸ் தம் கவிதைகளோடு ஒரு மடலையும் அனுப்பினார். வேறெவரிடமும் அவ்வளவு மனம் திறந்ததில்லை என்று பின்னர் அவரே கூறுகிறார்.

1903 பிப்ரவரியில் பாரிசிலிருந்து வந்த விடை, கவிதைகளுக்குத் தனிநடை இல்லை என்றது. இதழ்களுக்கு அனுப்புவதை நிறுத்தவும் சொன்னது. மடல் எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. 1908 வரை ரில்கேயிடமிருந்து வந்தவை பத்து மடல்கள். கவிதையாகத் தேறாத எழுத்தும் எழுதியவரைத் தேற்றக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ரில்கே தனிமையை அளவுமீறிப் போற்றுகிறார் என்பது நம் கருத்து. அஞ்சி நிற்கும் இளைஞனைத் தன் தனிமைக்குள்ளேயே இறங்கச் சொல்வது இடர் மிகுந்த அறிவுரை. அது கடிதமாக வந்து சேர்ந்ததால்தான் அதன் கடுமை தணிந்தது. தம் எழுத்தை ஒருவர் படிக்கிறார், விடை வரும் என்ற உறுதி காப்புஸுக்கு இருந்தது. நாட்குறிப்பு மட்டும் போதும் என்போர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

1929-இல் நூலை வெளியிட்ட காப்புஸ், பெரியவர் பேசுமிடத்தில் தாம் ஒதுங்குவதே முறையெனக் கருதித் தம் மடல்களை விட்டுவிட்டார். அவையும் சேர்ந்த ஜெர்மன் பதிப்பு 2019-இல்தான் வந்தது. 90 ஆண்டுகள் நாம் மருத்துவரை மட்டுமே கேட்டோம்.

காப்புஸ் பெருங்கவிஞராகவில்லை. படை அலுவலராகி, பின் இதழாளராகவும் நாவலாசிரியராகவும் வாழ்ந்து 1966-இல் மறைந்தார்.

நமக்குக் கவிதை அனுப்பும் இளையோர் பலர் உடன் ஒரு சிறு கடிதமும் வைக்கின்றனர். கவிதையைத் திருப்பியனுப்புகையில் அக்கடிதத்துக்கு விடை எழுதியிருக்கிறோமா? பெரும்பாலும் இல்லை.