பெயர் எழுதப் பயம்: கூளமாதாரியிலிருந்து பூனாச்சி வரை

போன மாதம் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யையும் ‘பூனாச்சி’யையும் அடுத்தடுத்து மறுவாசிப்பு செய்தேன். முதலாவது 2000இல் வந்தது, இரண்டாவது 2016 கடைசியில். இரண்டிலும் ஆடுகள், மேய்ச்சல் காடு, வயிறு நிறையாத மனிதர்கள். எழுதியவர் கையும் ஒன்றுதான். ஆனாலும் நடுவில் ஏதோ காணாமல் போயிருக்கிறது. அது என்ன என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் குறிப்பு.

யோசித்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னக் கோயில் பற்றி, பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு இங்கே எழுதியிருந்தேன். அந்த இடம் முன்னாடி யார் கையில் இருந்தது என்று அதில் ஒரு வரி. தெருக்காரர் ஒருத்தர் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: “நல்லா எழுதியிருக்கீங்க சார். அந்த ஒரு வரி மட்டும் வேணாமே. நாளைக்கு ஒருத்தர் மொகத்துல ஒருத்தர் முழிக்கணும்ல?” அன்று ராத்திரியே எடுத்துவிட்டேன். மிரட்டல் இல்லை, கேஸ் இல்லை. ஆனால் அதற்கப்புறம் எழுதிய நான்கு குறிப்புகளில் ஒன்றில்கூடத் தெருப்பெயர் இல்லை. யாரும் கேட்காமலே நானாக விட்டிருக்கிறேன்!

இதைப் பெருமாள்முருகனுக்கு நடந்ததோடு பக்கத்தில் வைப்பதே கொஞ்சம் அபத்தம்தான். ‘மாதொருபாகன்’ வந்தது 2010இல். பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழா அதன் மையம். நான்கு வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பி, புத்தகத்தை எரித்தார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் ‘சமாதானப் பேச்சுவார்த்தை’ நடந்தது. அதையடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, எழுதச் சொன்னது.

நம்மில் பலர் கதையை இங்கேயே முடித்துவிடுகிறோம். நீதி கிடைத்தது, எழுத்தாளர் திரும்பி வந்தார், சுபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதலாம் என்று கோர்ட் சொல்லும். எப்படி எழுதுவது என்று அது சொல்லாது. அந்த இடைப்பட்ட மாதங்களில் அவருக்கு வந்தவை கவிதைகள். அவைதான் ‘கோழையின் பாடல்கள்’. கவிதையாக எடுத்துக்கொண்டால் அதில் பாதிக்குமேல் டைரிக் குறிப்புதான் என்பது என் அபிப்ராயம். ஆனால் நாவல் எழுதுகிற ஒருவர் நாவல் வராமல் எப்படித் தவித்தார் என்பதற்குத் தமிழில் இதைவிட நேரடியான பதிவை நான் படித்ததில்லை.

பிறகு ‘பூனாச்சி’. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுத இன்னும் பயம், அதனால் ஆடு என்று முன்னுரையில் அவரே கிட்டத்தட்டச் சொல்லிவிடுகிறார். கேலி மாதிரி தெரிந்தாலும் அது வாக்குமூலம்.

இப்போது ‘கூளமாதாரி’யை எடுத்துப் பாருங்கள். கூளையன், மொண்டி, வவுறி, செவிடி, நெடும்பன். இந்தப் பெயர்களைக் கேட்டாலே பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள், யார் காட்டில் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆட்டைத் தொலைத்தால் யார் அடிப்பார் என்பதும் தெரியும். சாதியைத் தனியாக விளக்க வேண்டிய தேவையே இல்லை, பெயரிலேயே இருக்கிறது.

‘பூனாச்சி’யில் ஒரு கிழவன், ஒரு கிழவி. அவர்களுக்குப் பெயரும் கிடையாது, சாதியும் கிடையாது. மனிதர்கள் இருக்கவேண்டிய இடத்தில் அசுரர்கள். ஆனால் ஆட்டைப் பற்றிய ஞானம் ஒரு துளி குறையவில்லை. வேறு தாயாடு பால் கொடுக்காமல் உதைத்துத் தள்ளுவது, பூவன் மேல் பூனாச்சிக்கு வரும் ஆசை, ஒரே ஈற்றில் ஏழு குட்டி, பஞ்சத்தில் மேய்ச்சல் அற்றுப்போவது எல்லாம் பிரமாதம். அரசாங்கம் ஆட்டுக்குக் காது குத்தும் பகுதியைத்தான் விமர்சகர்கள் அதிகம் பேசுகிறார்கள். எனக்கு அதுதான் நாவலிலேயே பலவீனமான இடம். ‘இது நையாண்டி, சிரியுங்கள்’ என்று சத்தமாகச் சொல்கிறது. அந்தச் சத்தம் கேட்காத, ஆடு வெறும் ஆடாக இருக்கும் பக்கங்களில்தான் பழைய பெருமாள்முருகன் கிடைக்கிறார்.

என் தொழிலில் இருந்து ஒரு உதாரணம். வாடிக்கையாளர் தரவைச் சோதனைக்கு அனுப்பும்போது பெயர், முகவரியை எல்லாம் மறைத்துவிடுவோம். புரோகிராம் ஒழுங்காக ஓடும். ஆனால் தப்பு பெயரிலேயே இருந்தால் சோதனையில் அது அகப்படாது. ‘பூனாச்சி’ எனக்கு அப்படித்தான் படுகிறது. பசி, பயம், அதிகாரம் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. சாதி மட்டும் அகப்படவில்லை.

உருவகக் கதை என்பதால்தான் அது எல்லா ஊருக்கும் பொருந்துகிறது என்று ஒரு நண்பர் வாதாடினார். வாஸ்தவம். என்.கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படிப்பவருக்கு அடிக்குறிப்பே தேவைப்படாது. ஆனால் அடிக்குறிப்பு தேவைப்பட்ட நாவல்களை எழுதியவர் இவர். திருச்செங்கோட்டு வரலாற்றைத் தேடிப் போனபோது ‘சாமி கொடுத்த பிள்ளை’ என்ற சொல் காதில் விழுந்து, அதிலிருந்து ஒரு நாவலையே கட்டியவர். ஊர்க்காரர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்தான் அவருக்கு மூலதனம். பயம் முதலில் கைவைத்தது அந்த மூலதனத்தில்.

ஒரு நாவலோடு இது தீர்ந்திருந்தால் தற்காலிகம் என்று விட்டிருப்பேன். 2018இல் வந்த ‘கழிமுகம்’ அப்பா, மகன், செல்போன் பற்றிய அசல் நடுத்தரவர்க்கக் கதை. அதுவும் அசுரலோகத்தில்தான் நடக்கிறது. அப்பாவின் பெயர் குமராசுரர். கோர்ட் தீர்ப்பு வந்து இரண்டு வருடம் ஆன பிறகும் ஒரு குமாரசாமிக்கு இடமில்லை. அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே ஒரு வரியை எடுத்த நான் இன்னும் தெருப்பெயர் எழுதவில்லையே.